வேதம் படிக்க எந்த வழி?

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கிழமை அக்காவின் மகள் வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தாள். "சித்தி, சமயப் பாடத்துக்கு எல்லாத்தையும் பாடமாக்கி எழுதிப்போட்டன். ஆனா வேதத்தை ஒரு நாளும் ஒழுங்கா வாசிக்கேல்லை. எப்பிடித் தொடங்கிறது?"

அவளுக்கு ஏற்கெனவே மூன்று பேர் மூன்று வழி சொல்லியிருந்தார்கள். வாலிபர் சங்கத்து அண்ணா, ஒரு வருடத்தில் முழு வேதாகமத்தையும் வாசிக்கும் அட்டவணை ஒன்றைக் கொடுத்திருந்தார். குருநகரில் இருக்கும் கத்தோலிக்கத் தோழி, ஞாயிறு வாசகங்களை எடுத்து அமைதியாகத் தியானிக்கச் சொன்னாளாம். கனடா மாமா கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றிவிட்டு, விளக்கவுரை இல்லாமல் வாசிப்பது வீண் என்று எழுதியிருந்தார். நான், சேர்ந்து வேதம் படிக்கும் எங்கள் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு வரச் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் கடைசியாகக் கேட்டாள்.

இந்த நாலு வழியிலும் நான் வெவ்வேறு காலத்தில் போய்வந்திருக்கிறேன். ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிறவள் என்பதால் பிள்ளைகளும் பெற்றோரும் இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஊரில் கிறிஸ்தவர்களான எங்களை 'வேதக்காரர்' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயருக்கு ஏற்ற வாசிப்பு எங்கள் வீடுகளில் எவ்வளவு இருக்கிறது என்பது எனக்குப் பல வருடக் கவலை. ஆகையால் அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

வழிகளுக்குப் போக முன்னர், பெரும்பாலானோர் யோசிக்காமலே கைக்கொள்ளும் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். வருடப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். ஒரு வசனம் வரும். அதை அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டிவைப்போம். இப்போது அந்த அட்டை தினமும் காலையில் வட்ஸ்அப்பில் வருகிறது. அதிகம் வருவது எரேமியா 29:11: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." நானும் பல வருடம் அந்த வசனத்தை மட்டும் பிள்ளைகளுக்குப் பாடமாக்கக் கொடுத்தேன். அதைச் சுற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் காட்டவில்லை. அது நான் செய்த பிழை.

அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. எருசலேமில் இருந்து எரேமியா, பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட தன் சனங்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி எழும்பி, இரண்டு வருடத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று சொல்கிறான். எரேமியாவின் கடிதமோ எழுபது வருடம் என்கிறது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக மன்றாடுங்கள் என்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரில் யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று சொன்ன குரல்களும் அந்தக் கூட்டத்துக்குள்ளேதான் இருந்தன. கடிதத்தை முழுக்க வாசித்த பிறகு எனக்கு அந்த வசனம் அட்டையில் இருந்ததைவிடப் பாரமானது. ஆறுதலும் அதிகம் கிடைத்தது.

வசன எண்கள் எழுதியவர்கள் போட்டவையல்ல. இன்றைய அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயக் குரு செய்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் ரொபேர் எத்தியேன் என்ற அச்சகக்காரர் போட்டவை. இடத்தைத் தேடிப்பிடிக்க அவை நல்ல உதவி. ஆனால் எண் போட்ட துண்டுகளையே சாப்பாடாக எடுத்தால் சமைத்தவர் என்ன சமைத்தார் என்றே தெரியாமல் போகும். கீழே சொல்லப்போகும் எந்த வழியை எடுத்தாலும் ஒரு புத்தகத்தை முதலில் இருந்து கடைசிவரை வாசிக்கவேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி ஒரு வருட அட்டவணை. புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் 66 புத்தகம், 1,189 அதிகாரம். ஒரு நாளைக்கு மூன்று அதிகாரமும் கொஞ்சமும் வரும். காலையில் கால் மணித்தியாலம், இருபது நிமிடம் போதும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 என்று போனால் ஜனவரி கடைசியில் லேவியராகமம் வந்துவிடும். அநேகரின் அட்டவணை அங்கேதான் நின்றுபோகிறது. பலிகள், தீட்டுகள், குஷ்டத்தைப் பார்க்கும் முறைகள். காலையில் தேத்தண்ணியோடு வாசிக்க அவை லேசான பக்கங்கள் இல்லைத்தான்.

யாழ்ப்பாணத்தில் லேவியராகமத்தைப் புரட்டிவிட்டுப் போகாத ஒரு வாசகர் இருந்தார். அவர் கிறிஸ்தவர் அல்லர். நல்லூர் ஆறுமுக நாவலர், இன்றைய மத்திய கல்லூரியாக வளர்ந்த வெஸ்லியன் பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்தவர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. பிறகு 1854இல் அவர் எழுதிய சைவதூஷண பரிகாரத்தில், மிஷனரிமார் சைவ வழிபாட்டைக் குறைசொன்னதற்குப் பதிலாக, விளக்கும் தூபமும் பலியும் திருநாளும் உங்கள் வேதத்திலேயே இருக்கின்றனவே என்று அதே பக்கங்களை எடுத்துக் காட்டினார். அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் எங்கள் வேதத்தை வரிவரியாக வாசித்த அந்த உழைப்பை நினைக்கும்போதெல்லாம் மரியாதை வருகிறது. நாங்கள் புரட்டிவிட்டுப் போகும் பக்கங்களை அவர் வாசித்திருந்தார்.

அட்டவணையின் பலன் பெரியது. முழுக் காணியையும் ஒருமுறை சுற்றி நடந்து எல்லை பார்த்ததுபோல. எந்தக் கதை எங்கே இருக்கிறது, யாருக்குப் பின் யார் வந்தார் என்று பிடிபடும். குறை என்னவென்றால், நிற்க நேரம் கிடையாது. ஒரு நாள் தவறினால் மறுநாள் ஏழு அதிகாரம். ஒரு கிழமை தவறினால் குற்ற உணர்வு. அதன்பிறகு புத்தகம் அலுமாரிக்குள். முதல்முறை வாசிக்கிறவருக்கு நான் இதைச் சொல்வதில்லை. நாலைந்து புத்தகங்களை நிதானமாக வாசித்தவர்கள் இரண்டு வருடத்துக்கு நீட்டி எடுத்தால் நல்லது.

குருநகர்த் தோழி சொன்ன வழி கத்தோலிக்கத் திருச்சபையின் நீண்ட மரபு. 12ஆம் நூற்றாண்டில் குயிகோ என்ற துறவி அதை நாலு படியாக எழுதிவைத்தார்: வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனோடு அமைதியாக இருத்தல். சிறு பகுதியை எடுத்து மெதுவாக இரண்டு மூன்று தரம் வாசிப்பார்கள். மனதில் பட்ட சொல்லோடு இருப்பார்கள். ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடச் சுற்றில் வருகின்றன. முதல் வருடம் மத்தேயு நற்செய்தி, அடுத்தது மாற்கு, அதற்கடுத்தது லூக்கா. பங்கு முழுவதும் அதே பகுதியைக் கேட்கிறது, அதைப் பற்றித்தான் சுவாமி மறையுரை வைக்கிறார். வீட்டில் அம்மா வாசிப்பதும் அதுதான் என்பதால் வீட்டில் கதைக்கவும் ஒரு பொருள் கிடைக்கிறது. எங்கள் புரட்டஸ்தாந்துப் பக்கத்தில் இந்த அமைதி குறைவு. சத்தமாக ஜெபிக்கத் தெரிந்த அளவுக்கு எங்களுக்குச் சும்மா இருந்து கேட்கத் தெரியாது.

அம்மா இருதய வருத்தத்தில் வாட்டில் கிடந்த மாதம் நான் வேறு எதையும் வாசிக்க முடியாமல் 27ஆம் சங்கீதத்தை மட்டும் இப்படித்தான் வாசித்தேன். அந்த நேரத்தில் விளக்கவுரையைத் தந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன். துக்கத்திலும் களைப்பிலும் இருப்பவருக்கு இந்த வழியே முதல்.

ஆனால் இதுமட்டும் போதாது. மனதில் பட்ட சொல் அந்தப் பகுதி சொல்லும் சொல்தானா என்று கேட்க இங்கே ஆளில்லை. வாசகச் சுற்றிலும் இடைவெளிகள் உண்டு. ரூத்து புத்தகம் ஞாயிறு வாசகங்களில் வராது, வாரநாள் திருப்பலிக்குப் போகிறவர்தான் கேட்பார். அது எவ்வளவு இழப்பு என்பதற்குப் பிறகு வருகிறேன்.

விளக்கவுரையும் பாடநெறியும் மாமாவின் வழி. எபிரேயம், கிரேக்கம், எழுதப்பட்ட காலம், மூலச் சுவடிகள், ஒரு சொல் வரும் இடங்களைக் காட்டும் ஒத்தவாக்கிய அகராதி என்று ஆழமாகப் போகலாம். ஆர்வமுள்ள மாணவர் உயர்தரத்தில் கிறிஸ்தவ நாகரிகம் எடுக்கலாம், யாழ். பல்கலைக்கழகத்தில் அதையே தொடரலாம். ஊழியத்துக்குப் போகிறவர்களுக்குப் பிலிமத்தலாவையில் 1963 முதல் இறையியல் கல்லூரி இருக்கிறது. கத்தோலிக்கக் குருமாணவருக்குக் கொழும்புத்துறையில் குருத்துவக் கல்லூரி. இந்த அறிவை நான் குறைத்துப் பேசமாட்டேன். விளக்கவுரையைத் தொடாதே, ஆவியானவர் போதிப்பார் என்று சொல்கிறவர்கள் வேதத்தின் வாயில் தங்கள் சொல்லை வைப்பதை நான் கண்டிருக்கிறேன்.

பிரச்சினை, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ரியூசன் நோட்சில் வளர்ந்தவர்கள். விடை எழுதிய தாள் கையில் இருந்தால் கேள்வியை யார் வாசிப்பார்? விளக்கவுரையை முதலில் திறந்தவர் வேதத்தைத் திறப்பதில்லை. ஒருமுறை ஒரு படிப்பு வட்டத்துக்குப் போனேன். நடத்தியவர் நிறைய அறிந்தவர், நல்ல மனிதர். ஒவ்வொரு கிழமையும் ஒரு மணித்தியாலம் அவரே கதைப்பார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வேதாகமம் கொண்டுவருகிறவர் அவர் ஒருவர்தான். நாங்கள் எல்லாரும் கொப்பி மட்டும் கொண்டுபோனோம்.

இனி எங்கள் செவ்வாய்க்கிழமை. சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு வீட்டு விறாந்தை, பின்னேரம் நாலரை மணி. ஏழு பெண்கள். ஐந்து பேர் தென்னிந்தியத் திருச்சபை, இரண்டு பேர் கத்தோலிக்கர். ஒரு புத்தகத்தை எடுத்தால் முடியும்வரை அதுதான். கேள்வி மூன்றே மூன்று: இதில் என்ன எழுதியிருக்கிறது, அது என்ன சொல்கிறது, எனக்கு என்ன? ஒழுங்கு மாறக்கூடாது. எல்லாரும் ஓடிப்போய் மூன்றாவதில் நிற்கத்தான் விரும்புவார்கள். முதல் கேள்வியிலேயே அரை மணித்தியாலம் பிடித்துவைப்பது நடத்துகிறவரின் வேலை.

ரூத் முதலாம் அதிகாரம் எடுத்த பின்னேரத்தை எப்படி மறப்பேன்? பெத்லகேமில் பஞ்சம். நகோமி புருஷனோடும் இரண்டு மகன்மாரோடும் மோவாபுக்குப் போகிறாள். அங்கே மூன்று பேரும் சாகிறார்கள். பஞ்சம் தீர்ந்ததைக் கேள்விப்பட்டு, மருமகள் ரூத்தோடு ஊருக்கு வருகிறாள். ஊர்ப் பெண்கள் "இவள் நகோமியோ?" என்று கேட்க, என்னை மாராள் (கசப்பு) என்று கூப்பிடுங்கள், நிறைவுள்ளவளாய்ப் போனேன், வெறுமையாய்த் திரும்பி வந்தேன் என்கிறாள்.

வாசித்து முடிய, வயதில் இளைய ஒருத்தி கேட்டாள்: "பஞ்சத்தில வெளிக்கிட்டவ எப்பிடி 'நிறைவாப் போனன்' எண்டு சொல்லுவா? சாப்பாடு இல்லாமத்தானே போனவ?"

நல்ல கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. மயிலிட்டி அக்கா திருவிவிலியத்தை மடியில் வைத்தபடி சொன்னார்: "மனுசனும் ரெண்டு பொடியளும் பக்கத்தில நடந்தவை பிள்ளை. அதுதான் நிறைவு. போகேக்க அது தெரியாது. திரும்பி வரேக்கதான் தெரியும்."

அவர் 1990இல் மயிலிட்டியை விட்டு வந்தவர். 2017இல் இராணுவம் இடத்தை விட்டபோது போய்ப் பார்த்திருக்கிறார். வீடு இல்லை, கிணற்றை வைத்துத்தான் வளவை மட்டுக்கட்டினார்களாம். அவரோடு போன மூன்று பேரில் ஒருவரும் அவரோடு திரும்பவில்லை. இதை அவர் அன்றைக்குச் சொல்லவில்லை, எங்களுக்கு முன்பே தெரியும். அதன்பிறகு இன்னொருவர் கண்டுபிடித்தார்: நகோமி "வெறுமையாய்" என்று சொல்லும்போது ரூத் பக்கத்திலேயே நிற்கிறாள், நகோமி அவளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மயிலிட்டி அக்கா தலையை ஆட்டினார். "துக்கத்தில பக்கத்தில நிக்கிறது தெரியாது."

பிறகு 'திரும்பு' என்ற சொல்லுக்குக் கோடு போட்டோம். எபிரேயத்தில் அந்த ஒரே வினையடி இந்த ஒரு அதிகாரத்துக்குள் பன்னிரண்டு தரம் வருகிறது. கதையை எழுதியவர் அதையேதான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்: யார் திரும்புகிறார், எங்கே திரும்புகிறார், எதற்குத் திரும்புகிறார். மீள்குடியேற்றம் என்ற சொல்லைப் படிவங்களில் எழுதி எழுதிச் சலித்த பெண்கள் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வழியின் ஆபத்தும் அங்கேயே இருந்தது. இது எங்கள் கதை என்று உடனே எடுத்துக்கொண்டால் ரூத்தின் கதை காணாமல் போய்விடும். அடுத்த கிழமை இரண்டாம் அதிகாரத்தில், ரூத் ஏன் அந்நியனின் வயலில் தைரியமாகக் கதிர் பொறுக்கப் போனாள் என்று தடுமாறினோம். களவு இல்லையா என்று ஒருவர் கேட்டார். வாசிப்பு முடிந்த பிறகுதான் விளக்கவுரையைத் திறந்தோம். விடை லேவியராகமம் 19இல் இருந்தது: அறுக்கும்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. அட்டவணைக்காரர் ஜனவரி கடைசியில் விட்டுவிட்டுப் போகும் அதே புத்தகம். உபாகமம் 23 மோவாபியரைச் சபையில் சேர்க்காதே என்கிறது. அதைத் தெரிந்துகொண்டு வாசித்தால்தான் 'மோவாபியப் பெண்ணாகிய ரூத்' என்று கதை திரும்பத் திரும்பச் சொல்வதன் பாரம் விளங்கும். கேள்வி எங்களுடையதாக இருந்ததால் விளக்கவுரையின் விடை ஒட்டியது. கூட்டத்தில் தீராத கேள்வியோடுதான் விளக்கவுரையைத் திறக்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் ஒழுங்கு வைத்தோம்.

இரண்டு மொழிபெயர்ப்பு மேசையில் இருப்பதும் பெரிய உதவி. எங்கள் பழைய வேதாகமத்தின் அடி 1871இல் முடிந்த, பவர் என்ற பாதிரியாரின் மொழிபெயர்ப்பு. திருவிவிலியம் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் சேர்ந்து செய்து 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. பழையதில் நாடுகடத்தலுக்குச் 'சிறையிருப்பு' என்று இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்குச் சிறை என்றால் கம்பிக்கூடு. பாபிலோனில் வீடு கட்டித் தோட்டம் போட்டவர்கள் கம்பிக்குள் இருந்திருக்க முடியாதே என்று ஒரு பிள்ளை கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. எரேமியா 29:11இல் பழையது 'முடிவு' என்பதைப் புதியது 'எதிர்காலம்' என்கிறது. எபிரேயச் சொல் பின்னால் வருவதைக் குறிக்கிறது, இரண்டுக்கும் அதில் இடமுண்டு. அதற்காகப் பழையதை விடச் சொல்லமாட்டேன். அம்மம்மாவின் வாயில் இருந்து காதில் விழுந்த வசனம் அந்தத் தமிழில்தான் இருக்கிறது, ஜெபிக்கும்போது அதுதான் வரும்.

கூட்டமாகப் படிப்பது எல்லாருக்கும் வாய்க்காது என்பதும் உண்மை. கடைசி பஸ்ஸில் வேலைவிட்டு வருகிறவருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் செவ்வாய் பின்னேரம் எங்கே? வெளிநாட்டில் தனியே இருக்கும் பிள்ளைகள் செயலியில் ஒலிவடிவம் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். அது குறைவான வாசிப்பில்லை. முதல் சபைகளில் கடிதங்களை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுத்தான் இருந்தார்கள். அப்படிப்பட்டவர் ஒரே நற்செய்தியைப் பல தரம் கேட்கட்டும்.

ஒருவரே வந்து, எனக்கு எது என்று நேரே கேட்டால் நான் சொல்வது இது. வாசிக்கத் தொடங்குகிறவர் மாற்கு நற்செய்தியை ஒரே இருப்பில் வாசிக்கட்டும். 16 அதிகாரம், ஒன்றரை மணித்தியாலத்தில் முடியும். பிறகு அதையே கொப்பியோடு நாளுக்கு அரை அதிகாரமாக. கிழமைக்கு ஒருமுறை இரண்டு மூன்று பேரோடு கூடி இருக்கமுடிந்தால் ரூத்தில் தொடங்குங்கள். நாலு அதிகாரம், நாலு கிழமை. குழு நடத்தப்போகிறவர் வாயைக் குறைத்துக் கேள்வியைக் கூட்டட்டும். துக்கத்தில் இருப்பவர் ஒரு சங்கீதத்தோடு சும்மா இருக்கட்டும். முழு வேதம் வாசிக்கும் ஆசை மூன்றாம் நாலாம் வருடத்தில் தானாக வரும், அப்போது அட்டவணையை எடுக்கலாம்.

அக்காவின் மகள் மாற்குவை ஒரு போயா விடுமுறை நாளில் வாசித்து முடித்தாள். மறுநாள் கொப்பியோடு வந்தாள். முதலாம் அதிகாரம் முழுக்க 'உடனே' என்ற சொல்லுக்குச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தாள்.

"சித்தி, ஏன் இவருக்கு இவ்வளவு அவசரம்? கடைசியில பாத்தா ஒரு கிழமைக் கதையை ஆறு அதிகாரத்தில மெள்ள மெள்ளச் சொல்லுறார்."

நான் விடை சொல்லவில்லை. பதினோராம் அதிகாரத்தைத் திறந்து, அதை இன்னொருக்கால் சத்தமாக வாசிக்கச் சொன்னேன்.